தட்டில் மீந்த இட்லி

அன்புள்ள மலர்,

இங்கே நலம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? புளோக்கில் மின்தூக்கியை மாற்றுகிறார்கள், ஏழு மாடியும் நடைதான். கீழ்வீட்டுச் சித்தி உன்னை விசாரித்தார். வேறு சேதி இல்லை.

தீபாவளிக்கு வந்தபோது இரண்டு இட்லியோடு தட்டைத் தள்ளிவிட்டாய். பயணக் களைப்பு என்றாய். சரி. அப்புறம் போனையும் காணோம். வேலை இருக்கும்.

போன மாதம் டாக்டர் என்னை மூச்சு ஊதச் சொல்லிச் சோதித்தார். வயிற்றில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. நிறையப் பேருக்கு இருக்குமாம், பெரும்பாலோரை ஒன்றும் செய்யாதாம். பெயர் ஒன்றானாலும் என் வயிற்றுக் கிருமியும் இன்னொருவர் வயிற்றுக் கிருமியும் ஒன்றில்லையாம், மரபணு மாறுமாம். காக்-ஏ மரபணு உள்ள வகை, ஊசி போடுகிற மாதிரி ஒரு புரதத்தை இரைப்பைச் செல்லுக்குள் ஏற்றும். புண்ணும் புற்றும் அந்த வகையில்தான் அதிகம். அதிலும் கிழக்காசிய வகை முரடு. இங்கே சீனர்களைவிட நமக்கு இரைப்பைப் புற்று குறைவு, கிருமிக்கு மட்டும் குறைவில்லை. 'நம் ஆட்களுக்கு வராது' என்று நான் அடித்துப் பேசுவேனே, கணக்கு அப்படித்தான். அம்மா அந்தக் கணக்கில் அடங்கவில்லை.

சின்ன வயதில் வீட்டுக்குள்ளேதான் பெரும்பாலும் தொற்றுமாம். அம்மா உனக்குச் சோற்றை மென்று ஊட்டியதை டாக்டரிடம் நான் சொல்லவில்லை.

மாத்திரை 14 நாள். வாய் கசந்து ஒன்பதாம் நாளே நிறுத்திவிட்டேன். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு மசியாதாம், நல்ல திட்டு கிடைத்தது. இப்போது வேறு மருந்து, மறுபடி முதலிலிருந்து. நீ இப்படிச் செய்யாதே. சோதித்துக்கொள். மருந்து கொடுத்தால் முழுக்கச் சாப்பிடு.

இந்தக் கிருமியைப் பிடித்ததே உங்கள் பெர்த்தில்தானாம். பேரி மார்ஷல் 1984இல் அதைத் தானே குடித்துக் காட்டினாராம். 2005இல் கூடச் சேர்ந்து கண்டுபிடித்த வாரனுக்கும் அவருக்கும் நோபல். அந்த ஊரிலேயே இருந்துகொண்டு ஒரு தடவை மூச்சு ஊத உனக்கு நேரமில்லையா? கோபமில்லை அம்மாடி. என் மகள் அங்கே இன்ஜினியர் என்று கோப்பிக் கடையில் நான் சொல்லாத ஆள் இல்லை.

அம்மாவும் இரண்டு இட்லியோடுதான் தட்டைத் தள்ளினாள். ஆறு மாதம். குழாய் விட்டுப் பார்க்கலாம் என்று அப்போதே டாக்டர் சொன்னார், உனக்குத் தெரியாது. எனக்கு அந்த மாதம் ஓவர்டைம். அடுத்த மாதம் போகலாம் என்றேன். சரிங்க என்றாள். அடுத்த மாதமும் அதையே சொன்னேன். கடையில் வயிற்று மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

ஊறுகாய் அனுப்பவில்லை. உனக்கு இப்போது காரமும் வேண்டாம். சோதனைக்கு நாள் கிடைத்ததும் தேதியை மட்டும் அனுப்பு, பேச நேரமில்லாவிட்டாலும் பரவாயில்லை.

அப்பா