பல்பு செய்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பல்பு கம்பெனிக்காரர்களே, வணக்கம்.

போன வாரம் ஒரு எல்இடி பல்பு வாங்கினேன். அட்டைப்பெட்டியில் வாட் இருக்கிறது, லூமன் இருக்கிறது, 15,000 மணி நேரம் எரியும் என்ற சத்தியமும் இருக்கிறது. ஹோல்டரிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி வெளிச்சம் கிளம்புகிறது என்பது மட்டும் இல்லை. இதெல்லாம் ஒரு விஷயமா என்பீர்கள்.

நான் இருப்பது கோபன்ஹேகனில். சாப்பாட்டு மேசைக்கு மேல் முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போன பிஎச் 5 என்ற விளக்கு தொங்குகிறது. இங்கே அதை 'பே-ஹோ' என்பார்கள், அதைச் செய்த டென்மார்க் வடிவமைப்பாளர் பவுல் ஹென்னிங்சென்னின் தலைப்பெழுத்து. 1894இல் பிறந்தவர், மண்ணெண்ணெய் விளக்கடியில் வளர்ந்தவர். மின்சாரம் வந்து மொட்டை பல்பு கண்ணைக் குத்துவதைப் பொறுக்காமல், 1920களில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று மூடி வைத்து ஒரு விளக்கு செய்தார். மூடிகளின் வளைவு நத்தை ஓட்டைப் போன்ற ஒரு சுருள்கோடு, அதன் மையத்தில் பல்பின் இழை இருக்க வேண்டும், அப்போதுதான் வெளிச்சம் மூடியில் பட்டு மேசையில் விழும், கண்ணில் விழாது. இழை கொஞ்சம் ஏறி இறங்கினால் போட்ட கணக்கெல்லாம் போச்சு.

நீங்களோ பல்பின் வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டே இருந்தீர்கள். திட்டிப் பார்த்து ஓய்ந்த மனிதர், எந்த பல்பை மாட்டினாலும் கண் கூசாத மாதிரி 1958இல் இந்த பிஎச் 5-ஐ வரைந்தார். பெரிய மூடி 50 செ.மீ. அகலம், அதனால்தான் 5. உள்ளே கொஞ்சம் சிவப்பும் நீலமும் பூசியிருக்கிறது, அது வெளிச்சத்தின் நிறத்தைச் சரிக்கட்ட. (அதே வருஷம் செய்த 72 செப்பு இதழ் ஆர்ட்டிசோக் விளக்குதான் எல்லாருக்கும் தெரியும். எனக்கென்னவோ இதுதான் பெரிய வேலையாகப் படுகிறது.)

அவரையும் ஜெயித்துவிட்டீர்கள், போங்கள். உங்கள் எல்இடியின் அடிப்பாதி வெள்ளை பிளாஸ்டிக், வெளிச்சம் அந்தப் பக்கம் போவதே இல்லை. பல்பு தலைகீழாகத் தொங்குவதால் மேல் மூடிகள் இருண்டு கிடக்கின்றன, தட்டு மட்டும் பளீரென்று இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், மேலே பறக்கும் விமானத்துக்குத் தெரியாமல் இந்த ஊர் டிவோலி கேளிக்கைப் பூங்காவில் விளக்கெரிய வைத்தவர் அவர். நான் கேட்பது அவ்வளவு பெரிய வித்தையில்லை. அந்த ஒரு அளவைப் பெட்டியில் அச்சடியுங்கள், அப்புறம் அடிவரை ஒளிரும் பல்பு எது என்றும் சொல்லுங்கள்.

அலமாரியில் பழைய இழை பல்பு ஒன்று அகப்பட்டது, மாட்டியிருக்கிறேன். அது ஃபியூஸ் போவதற்குள் பதில் போடுங்கள்.