நான்கு மாதமாக ரோட்டில் ஒழுகும் குழாய், எனக்குப் போட்ட அபராதம் – புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
நகரக் குடிநீர் விநியோகப் பராமரிப்பு நிறுவனம்.

நகல்: நகராட்சி ஆணையர் அவர்கள்.

பொருள்: வீட்டு இணைப்பில் மீட்டருக்கு முன்னால் உள்ள கசிவு, சாக்கடை கலந்து வரும் குடிநீர், ரோடு வெட்டியதாக விதித்த 5,000 ரூபாய் அபராதத்தை ரத்து செய்யக் கோருதல்.

ஐயா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் கவுண்டரில் நேரில் கொடுத்தேன். முத்திரை வைத்த நகல் கேட்டேன், தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் இதைப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புகிறேன்.

எங்கள் தெருவில் பழைய இரும்புக் குழாயை எடுத்துவிட்டு உங்கள் நீலக் குழாயைப் போட்டது 2024 நவம்பரில். டெபாசிட், ரோடு சீரமைப்புக் கட்டணம், மீட்டர் என்று கேட்டதையெல்லாம் ஒரே தவணையில் கட்டினேன். ஒரு பைசா பாக்கி இல்லை. பொங்கல் முடிந்த வாரத்திலிருந்து என் வீட்டுக் கேட்டுக்கு நாலடி தள்ளி, ரோட்டோரம், தண்ணீர் விடும் நாளெல்லாம் ஊற்று மாதிரி பொங்குகிறது. மெயின் லைனில் வீட்டு இணைப்பு எடுக்கிற ஃபெரூல் என்ற மூட்டைப் போட்டு நீலக் குழாயை இழுத்திருக்கிறீர்களே, சரியாக அந்த இடம். உங்கள் ஆட்கள் போட்டது. எந்த இடம் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

கசிவு என் வீட்டுக்குள்தான் என்று உங்கள் அலுவலகத்தில் சாதிக்கிறார்கள். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, விடியற்காலை ஐந்து மணிக்கு டார்ச் அடித்து மீட்டரைப் பார்த்தேன். கண்ணாடிக்குள் இருக்கும் சின்ன நட்சத்திரச் சக்கரம் அசையவே இல்லை. அதே நேரம் ரோட்டில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. மீட்டர் நிற்கிறது, ரோடு நனைகிறது என்றால் கசிவு மீட்டருக்கு முன்னாலா, பின்னாலா? இது தெரிய இன்ஜினியரிங் படிக்க வேண்டியதில்லை.

உங்கள் விண்ணப்பத்தின் பின்பக்கம் நிபந்தனைகள் அச்சிட்டிருக்கிறீர்கள். நாலாவது நிபந்தனை: மெயின் லைனிலிருந்து மீட்டர் வரை நிறுவனத்தின் பொறுப்பு, மீட்டருக்குப் பிறகு வீட்டுக்காரர் பொறுப்பு. ஏழாவது: மீட்டருக்கு முன்னால் உள்ள குழாயை நிறுவனத்தின் ஆளைத் தவிர யாரும் தொடக்கூடாது. கையெழுத்துப் போடுவதற்கு முன் நான் எல்லாவற்றையும் படித்தேன். படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவள் இல்லை நான்.

அப்படியிருக்க, பிப்ரவரியில் புகார் சொல்லப் போன என்னிடம், "பிளம்பரை வெச்சுப் பாத்துக்க" என்று சொன்னது உங்கள் இரண்டாம் கவுண்டர். நானும் நம்பி பிளம்பரைக் கூப்பிட்டேன். 2,800 ரூபாய் கொடுத்தேன். அவர் இரண்டடி தோண்டி, மெயின் குழாயைக் கவ்விப் பிடிக்கிற சேடில் பக்கத்தில் தண்ணீர் பீறுவதை எனக்குக் காட்டினார். "இது கம்பெனி வேலைம்மா, நான் கை வைக்கக் கூடாது" என்று மண்ணை மூடிவிட்டுப் போய்விட்டார். பத்தே நாளில் கடிதம் வருகிறது: அனுமதியின்றிச் சாலையை வெட்டியதற்கு 5,000 ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் இணைப்பு துண்டிக்கப்படும். தோண்டச் சொன்னதும் நீங்கள், தோண்டியதற்கு அபராதம் போட்டதும் நீங்கள். கசிவைப் பார்க்க நான்கு மாதமாக ஆள் இல்லை, அபராதம் போட மட்டும் பத்து நாளில் ஆள் கிடைத்துவிட்டாரா?

அந்த இரண்டாம் கவுண்டரைப் பற்றி எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை. எனக்கு 54 வயது. அங்கே இருந்த பையனுக்கு என் மகன் வயதுகூட இருக்காது. நான் "தம்பி" என்றுதான் கூப்பிட்டேன். அவன் செல்போனிலிருந்து தலையை எடுக்காமல், "என்ன வேணும் உனக்கு?" என்றான். தண்ணீர் நாறுகிறது என்று சொன்னேன். "ஊருக்கே நல்லாத்தான் வருது, உனக்கு மட்டும் என்ன நாறுது? கேன் வாங்கிக் குடி" என்றான். வரிசையில் பின்னால் நின்ற நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஓசியில் தண்ணீர் கேட்டா வந்து நின்றேன்? காசு கட்டிய ரசீது கையில் இருந்தது. அன்று வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷத்தில் யாரும் என்னை நீ, வா, போ என்று பேசியதில்லை.

மார்ச்சில் ஒரு புதன்கிழமை மறுபடியும் போனேன். பத்து மணிக்குப் போனவளை சர்வர் இல்லை என்று ஒன்றரை வரை உட்கார வைத்தார்கள். அப்புறம் சாப்பாட்டு நேரம். மூன்று மணிக்கு வந்து, "உங்க தெரு இங்க வராது, வாட்டர் டேங்க் பக்கத்துல இருக்கிற ஆபீஸ்" என்றார்கள். காலையிலேயே இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. ஆட்டோ பிடித்து அங்கே போனால் பூட்டு. நான் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். அன்று ஆறு கிலோ அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டுவிட்டு, பன்னிரண்டு மணிக்குள் வந்து அரைத்துவிடலாம் என்று போயிருந்தேன். திரும்பி வந்தபோது ஐந்தரை. சித்திரைக்கு முந்தின வெயில். உளுந்து நுரைத்து வாடை வந்துவிட்டது. மொத்தத்தையும் மாட்டுக்குக் கொடுத்தேன்.

தண்ணீர் விடுவது செவ்வாயும் வெள்ளியும், காலை ஐந்திலிருந்து ஆறரை வரை. முதலில் ஐந்து நிமிஷம் வெறும் காற்று. குழாயில் சீறும், பக்கெட்டில் ஒரு சொட்டு விழாது, மீட்டர் மட்டும் விர்ரென்று சுற்றும். காற்றுக்கும் நான் கட்டணம் கட்டுகிறேன். அடுத்த பத்து நிமிஷம் அரிசி கழுவின தண்ணீர் நிறத்தில் வரும், சாக்கடை வாடையோடு. காரணம் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. வால்வை மூடியதும் லைனில் அழுத்தம் போய்விடுகிறது. வெளியே கசிகிற அதே ஓட்டை அப்போது உள்ளே இழுக்கிறது. பக்கத்திலேயே சாக்கடை. அடுத்த தடவை வால்வு திறக்கும்போது அது நேராக என் சமையலறைக்கு வருகிறது. ரோட்டில் வீணாகும் தண்ணீரை விட இதுதான் எனக்குப் பயம். வீட்டில் 81 வயது மாமியார் இருக்கிறார். மார்ச் கடைசியில் அவருக்கு வயிற்றுப்போக்கு வந்து இரண்டு நாள் சலைன் ஏற்ற வேண்டியதாயிற்று.

குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் காசு கட்டித் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தேன். மலத்திலிருந்து கலக்கிற ஈ.கோலை கிருமி இருக்கிறது, குளோரின் இல்லை என்று அறிக்கை வந்திருக்கிறது. 100 மில்லியில் ஈ.கோலை இருக்கவே கூடாது, குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்ச வேண்டும் என்பது குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500. தண்ணீர் விநியோகிக்கிற உங்களுக்கு நான் இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

புகார் எண் நான்கு வாங்கியிருக்கிறேன். நான்குக்கும் "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ். யார் வந்தார்கள், எதைத் தீர்த்தார்கள்? ஒரே ஒரு முறை ஒருவர் வந்தார். வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு. தண்ணீர் விடாத நாள், ரோடு காய்ந்து கிடந்தது. போட்டோ எடுத்துக்கொண்டு "கசிவு இல்லை" என்று எழுதிப் போனார். வெள்ளிக்கிழமை காலையில் வாங்க சார் என்று கெஞ்சினேன். டியூட்டி ஒன்பது மணிக்குத்தான் என்றார். போகிறபோது, மோட்டார் வைத்து இழுக்கிறீர்களா என்று வேறு கேட்டார். லைனில் நேராக மோட்டார் வைத்தால் இணைப்பைத் துண்டிக்கலாம் என்பது உங்கள் ஒன்பதாவது நிபந்தனை, அதுவும் எனக்குத் தெரியும். என் வீட்டு மோட்டார் சம்பிலிருந்து மேல் தொட்டிக்கு ஏற்ற மட்டும்தான். அவரைக் கூட்டிப் போய்க் காட்டினேன்.

மாவுக்குக் கேன் தண்ணீர் வாங்குகிறேன், இருபது லிட்டர் 35 ரூபாய். ஒரு நாளைக்கு மூன்று கேன். அதற்கே மாதம் மூவாயிரத்துக்கு மேல் போகிறது. மாவு வாடை அடிக்கிறது என்று பதினொரு வாடிக்கை வீடுகள் வாங்குவதை நிறுத்திவிட்டன. லாரித் தண்ணீர், ஆட்டோ, ஆஸ்பத்திரி எல்லாம் சேர்த்தால் இரண்டு லட்சத்துக்கு மேல் எனக்கு நஷ்டம். பன்னிரண்டு வருஷமாக மெல்ல மெல்லச் சேர்த்த பெயர் நாலே மாதத்தில் போய்விட்டது. அதற்கு என்ன விலை போடுவீர்கள்?

உங்கள் வால்வு திறக்கிறவர் நல்ல மனிதர். மழையானாலும் ஐந்து மணிக்கு வந்துவிடுவார். அவரும் இந்தக் கசிவை மேலே சொல்லியிருப்பதாகச் சொன்னார். இதற்காக அவர் மேல் எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்த பதினைந்து நாளுக்குள் சேடிலையும் ஃபெரூலையும் மாற்றி, சாக்கடைக்குப் பக்கத்தில் போகும் குழாய்க்கு உறை போட்டு, மறுபடி தண்ணீரைப் பரிசோதித்து அறிக்கையை எனக்குத் தர வேண்டும். அபராதத்தை எழுத்து மூலம் ரத்து செய்ய வேண்டும். பிளம்பருக்குக் கொடுத்த 2,800 ரூபாயை அடுத்த பில்லில் கழிக்க வேண்டும். அந்தப் பையன் என்னிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் போதும், அவன் வேலைக்கு நான் உலை வைக்க மாட்டேன்.

செய்யாவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். சேவைக்குக் கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, விசாரித்துவிட்டேன். நகராட்சியில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனுவும் போடுவேன். உங்களோடு போட்ட ஒப்பந்தத்தில் கசிவை எத்தனை நாளில் சரி செய்ய வேண்டும் என்று இருக்கிறது என்பதை முப்பது நாளில் அவர்கள் சொல்லித்தான் ஆக வேண்டும். முதல்வர் உதவி எண் 1100-க்கும் சொல்வேன். இதெல்லாம் செய்ய எனக்கு ஆசையில்லை ஐயா. எனக்கு மாவு அரைக்க நல்ல தண்ணீர் வந்தால் போதும்.

ஆளை அனுப்புவதாக இருந்தால் செவ்வாய் அல்லது வெள்ளி, காலை ஐந்தே காலுக்கு அனுப்புங்கள். ஆறரைக்கு மேல் வந்தால் எதுவும் தெரியாது. அந்த நேரத்தில் நான் வாசலில்தான் நிற்பேன், இடத்தைக் கைகாட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் குடிநீர் இணைப்புதாரர்

இணைப்பு: டெபாசிட் ரசீது, அபராதக் கடிதம், ஆய்வக அறிக்கை, பிளம்பர் ரசீது, நான்கு புகார் மெசேஜ்களின் நகல், வெள்ளிக்கிழமை காலை எடுத்த இரண்டு போட்டோக்கள்.