ஆமைக்குஞ்சுக்கு வந்தது வெறும் தடிமன் இல்லை

அன்புள்ள மச்சான்,

உன்ரை கடிதம் நேற்றுப் பின்னேரம் கிடைச்சது. இஞ்சை நல்லூரிலை மழை விட்டிட்டுது, வாடை விடேல்லை. சாவகச்சேரியிலும் அதே பாடாய்த்தான் இருக்கும்.

புதுசாய் வாங்கின சிவப்புக் காது ஆமைக்குஞ்சு ரண்டையும் பழையவனோடை ஒரே தொட்டியிலை விட்டதாயும், இப்ப ஒண்டு மூக்காலை குமிழ் விட்டுச் சரிஞ்சு மிதக்குது எண்டும் எழுதியிருந்தாய். குமிழை விட அந்தச் சரிவுதான் எனக்குப் பயமாய்க் கிடக்கு.

தண்ணியாலை எடுத்த உடனை மூக்கிலை ஒண்டு ரண்டு குமிழ் எந்த ஆமைக்கும் வரும். ஒரு காய்ஞ்ச துணியிலை பத்து நிமிசம் வைச்சுப் பார். அதுக்குப் பிறகும் குமிழ் வருதா, மூச்சுக்கு மூச்சு கழுத்தை நீட்டி வாயைத் திறக்குதா, காதுக்குக் கிட்டப் பிடிச்சால் 'டிக், டிக்' எண்டு கேக்குதா எண்டு கவனி. சளி கட்டின நுரையீரல் பாரமாகி அந்தப் பக்கம் தாழும், காத்துள்ள பக்கம் மேலை நிக்கும். வயித்திலை வாய்வு நிண்டாலும் சரியும்தான். ஆனால் குமிழும் சரிவும் சாப்பிடாமையும் ஒண்டாய் வந்தால் நியூமோனியா எண்டே எடு. ஆமைக்கு எங்களைப் போலை உதரவிதானம் இல்லை, கால் தோள் தசையாலைதான் மூச்சு விடுது. இருமிச் சளியைத் துப்ப அதாலை ஏலாது, அது உள்ளுக்கையே கிடக்கும்.

முதல் வேலை சூடு. ஆமையின்ரை உடம்பு நோயோடை சண்டை பிடிக்கிறதும், மருந்து வேலை செய்யிறதும் சூட்டிலைதான். தண்ணி 28, 29 பாகை செல்சியஸ், ஏறிக் காயிற இடம் 32, 33. இரவிலும் இறங்கக் கூடாது. நீ தொட்டியை விறாந்தையிலை வைச்சிருக்கிறாய். தண்ணியை மட்டும் சுடவைச்சுப் போட்டு மேலை வாடைக்காத்தை விட்டால், ஒவ்வொரு மூச்சுக்கும் குளிர்க்காத்துத்தான் உள்ளை போகும். அறைக்குள்ளை கொண்டு போய், தொட்டியின்ரை வாயை மட்டையாலை முக்கால்வாசி மூடு.

வருத்தக் குஞ்சைத் தனியாய் ஒரு சின்னப் பேசினிலை விடு, ஆனால் அதுக்குள்ளை ஹீற்றரை நேரை போடாதை. ஆழம் காணாமல் கண்ணாடி வெளியிலை தெரிஞ்சால் வெடிக்கும். பெரிய பேசினிலை தண்ணி விட்டு ஹீற்றரை அதுக்குள்ளை படுக்கவை, குஞ்சு இருக்கிற பேசினை அந்தத் தண்ணிக்குள்ளை இறக்கு. உள்ளுக்குள்ளை தண்ணி ஓட்டின்ரை முதுகு மட்டுக்குப் போதும்; நிண்டபடி கழுத்தை நீட்டினால் மூக்கு வெளியிலை வரவேணும். களைச்ச குஞ்சு ஆழத் தண்ணியிலை மூழ்கிச் சாகும். தண்ணியிலை விடாமல் காய வைக்கச் சொல்லி ஆராவது சொல்லுவினம். அது பெரிய ஆமைக்குச் சரிவரலாம், இந்தளவு குஞ்சு ஒரு நாளிலை வத்திப்போகும். தண்ணியை நாள்தோறும் முழுக்க மாத்து. கிணத்துத் தண்ணியிலை குளோரின் இல்லை, ஆனால் அள்ளின கையோடை ஊத்தாமல் அதே சூட்டுக்குக் கொண்டுவந்து ஊத்து.

சூடு மட்டும் காணாது, மிருக வைத்தியரிட்டைக் கட்டாயம் கொண்டுபோ. போக முதல் தராசிலை நிறு. 12 கிராம் எண்டு வை. வழக்கமாய்க் குடுக்கிற செஃப்ராசிடிம் எண்ட கிருமிகொல்லி ஊசி கிலோவுக்கு 20 மில்லிகிராம், மூண்டு நாளைக்கு ஒருக்கால். கணக்குப் பார், உன்ரை குஞ்சுக்கு 0.24 மில்லிகிராம்தான் வரும். ஒரு கிராம் குப்பியிலை அதின்ரை நாலாயிரம் மடங்கு கிடக்கு. வீட்டிலை கிடக்கிற மனிச மருந்தைத் துளிக்கணக்கிலை ஊத்தாதை எண்டு சொல்லுறது இதுக்குத்தான். ஊசியை முன்னங்கால் பக்கம் போடச் சொல்லு. பின்னங்காலிலை போட்டால் ரத்தம் முதல் சிறுநீரகத்துக்குப் போகும். இஞ்சத்தை வைத்தியர்மார் கூடப் பாக்கிறது மாடும் ஆடும் நாயும், அதாலை இன்னொண்டையும் துண்டிலை எழுதிக் கொண்டுபோ: ஐவர்மெக்ரின் கூடாது. ஆட்டுக்கும் நாய்க்கும் உண்ணிக்குக் குடுக்கிற அந்த மருந்து ஆமையைக் கொல்லும். மூண்டாம் ஊசியோடை குஞ்சு துள்ளத் தொடங்கினாலும் வைத்தியர் சொன்ன நாள்வரை நிப்பாட்டாதை. தைலம் தடவிற வேலையும் வேண்டாம்.

கண் வீங்கியிருக்கா எண்டும் பார். காய்ஞ்ச இறாலை மட்டும் போட்டு வளத்தால் உயிர்ச்சத்து ஏ குறைஞ்சு கண்ணும் மூச்சுக்குழாய்த் தோலும் தடிச்சுப்போகும், கிருமி அதாலைதான் சுகமாய் உள்ளை போகுது. ஆமைக்கெண்டு விக்கிற குறுணைத் தீனி, மண்புழு, இடைக்கிடை நுள்ளளவு கோழி ஈரல் குடு. உயிர்ச்சத்து ஊசியை நினைச்ச மாதிரிப் போடுவிக்காதை, கூடினால் தோல் உரிஞ்சு விழும்.

மற்ற ரண்டும் சுகமாய்த் தெரிஞ்சாலும் அந்தத் தொட்டியிலை இருந்ததுகள்தான். மூண்டையும் மூண்டு பேசினிலை பிரி. நோயாளியை வேறை அறையிலை வை. வலை, கோப்பை, துணி எல்லாம் அதுக்கெண்டு தனியாய். தீனி போட்டுத் தண்ணி மாத்தேக்கை சுகமானதுகளை முதல் பார், நோயாளியைக் கடைசியாய்ப் பார். நாங்கள் செய்யிறதெல்லாம் தலைகீழ், வருத்தக்காரனைத்தானே முதல் ஓடிப்போய்ப் பாக்கிறது! தனிமை குறைஞ்சது 60 நாள், 90 எண்டால் நல்லது. கடைசியாய்க் குமிழ் கண்ட நாளிலை இருந்து எண்ணு, வாங்கின நாளிலை இருந்து இல்லை. பழைய தொட்டியைக் கழுவி, லீற்றருக்கு 30 மில்லிலீற்றர் பிளீச் கலந்த தண்ணியிலை பத்து நிமிசம் ஊறவிட்டு, மணம் போக அலம்பி வெயிலிலை காயப்போடு.

ஊத்தைத் தண்ணியைக் குசினித் தொட்டியிலும் கிணத்தடியிலும் ஊத்தாதை. எங்கடை சுண்ணக்கல்லுத் தரையிலை மேலை ஊத்தினது கெதியாய்க் கீழை இறங்கும். மலசலகூடத்துக்குள்ளை ஊத்து. ஆமை சுகமாய் இருந்தாலும் சல்மொனெல்லா எண்ட வயித்தோட்டக் கிருமியைக் காவும். அமெரிக்காவிலை 4 அங்குலத்துக்குக் குறைஞ்ச ஆமை விக்கிறதை 1975இலை தடுத்ததே பிள்ளையள் அதாலை வருத்தப்பட்டதாலைதான். மகள் தொட்டால் உடனை சவர்க்காரம் போட்டுக் கை கழுவவேணும், முகத்தோடை அணைக்க விடாதை. வளக்க ஏலாமல் போனாலும் குளத்திலை விட்டிடாதை.

கிழமைக்கு ரண்டு தரம் நிறுத்து ஒரு கொப்பியிலை எழுது. நிறை விழுந்துகொண்டு போனால் அடுத்த ஊசி நாள் வரை பாக்காமல் திரும்பக் கொண்டுபோ. இண்டைக்கு நிறுத்த கணக்கையும், எந்தப் பக்கம் சரியுது எண்டதையும் உடனை எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன்ரை பழைய கூட்டாளி