தங்கச்சி, டி.சி. வாங்குவதற்கு முன்னால்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேற்று சாயங்காலம் காசிமேட்டில் பார்த்தபோது பாப்பாவை ஒன்பதாம் வகுப்புக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றப் போவதாகச் சொன்னாய். பெரம்பூர் பக்கம் ஏதோ ஒரு பள்ளி. பாடத்தோடு சேர்த்தே நீட், ஜே.இ.இ. பயிற்சியும் கொடுப்பார்களாம், இங்கே சேர்ந்தால் டாக்டர் சீட்டு நிச்சயம் என்றார்களாம். மீன்பிடித் தடைக்காலம் முடிய ஜூன் 14 ஆகும், படகு கரையில் கிடக்கிறது, முதல் தவணைக்கு வளையலைத்தான் வைக்க வேண்டும் என்றாய். அப்போதே சொல்ல வாயெடுத்தேன். உன் மாமியார் பக்கத்தில் நின்றதால் விட்டுவிட்டேன். நம் தெருவிலேயே இதே யோசனையில் இன்னும் நாலு வீடு இருக்கிறது. அதனால் எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாப்பா ஆறாம் வகுப்பிலிருந்து கார்ப்பரேஷன் பள்ளியில் படிக்கிறாள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. கார்ப்பரேஷன் பள்ளியும் இதில் அடக்கம். அடுத்த வருடமே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் என்று விரித்தார்கள். நடுவில் ஒரே ஒரு வருடம் தனியாரில் படித்தாலும் அந்தக் கதவு மூடிவிடும், பிறகு திரும்பி வந்து சேர்ந்தாலும் திறக்காது. கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாவது வரை தனியாரில் இலவசமாகப் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பாப்பாவுக்கு அது பொருந்தாது.

முதல் வருடம் பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் கலந்தாய்வு நடந்தது ஞாபகம் இருக்கிறதா? இந்த ஒதுக்கீட்டில் மட்டும் 400 இடங்களுக்கு மேல். தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும் கட்ட வழியில்லாமல் சிலர் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். அதற்குப் பிறகுதான் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று அறிவிப்பு வந்தது. பொறியியலுக்கும் இப்போது அப்படித்தான், விடுதிக் கட்டணம் உட்பட.

நம் பக்கத்தில் நிறையப் பேர் விழுகிற பள்ளம் இன்னொன்று. ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் பழைய உதவி பெறும் பள்ளிகள் பல இருக்கின்றன, நல்ல பள்ளிகள்தான். வாத்தியாருக்கு அரசாங்கம்தானே சம்பளம் கொடுக்கிறது, அப்போது அதுவும் கவர்மென்ட் பள்ளிதானே என்று நினைத்துவிடுகிறார்கள். இந்த ஒதுக்கீட்டுக்கு அது கணக்கில் வராது. எங்கள் பின்தெருவில் ஒரு பெண்ணை ஏழாவதில் அப்படி மாற்றினார்கள். விண்ணப்பம் போடும் நாளில்தான் விஷயமே தெரிந்தது. அவள் அம்மா அன்றைக்கு அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

சரி, தனியார் பள்ளி என்ற பெயருக்கே கல்லூரியில் மதிப்பு உண்டா? அமெரிக்காவில் பிள்ளைகளைக் கல்லூரிக்குத் தயார் செய்வதற்கென்றே ஆயத்தப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே மாணவனைப் பற்றிப் பள்ளி எழுதுகிற கடிதம், பள்ளியைப் பற்றிய குறிப்பு எல்லாம் விண்ணப்பத்தோடு போகும். எந்தப் பள்ளி என்பது அங்கே கண்ணில் படும். இங்கே பொறியியல் கலந்தாய்வில் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200. 2007இல் நுழைவுத் தேர்வு போனதிலிருந்து இதே கணக்குதான். விண்ணப்பத்தில் பள்ளியின் பெயரை எழுதுவோம், ஆனால் ரேங்க் போடுவதில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. மருத்துவத்துக்கு நீட் மதிப்பெண், 720க்கு. அவ்வளவுதான். பள்ளிப் பெயரால் ஏதாவது கிடைக்கிறது என்றால் அது பாப்பா இப்போது படிக்கிற பள்ளியின் பெயரால்தான் கிடைக்கிறது!

நான் சும்மா பேசவில்லை. என் பையனை 2012இல் நாமக்கல் பக்கம் விடுதியோடு இருந்த ஒரு பள்ளியில் சேர்த்தேன். ‘பிராய்லர் பள்ளி’ என்று ஊரே கிண்டல் செய்த வகை. உன் அண்ணியின் சங்கிலி அப்போது போனதுதான், திரும்பவே இல்லை. காலை ஐந்து மணிக்கு எழுப்பி, இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே அரைத்தார்கள். பதினொன்றுக்கு அப்போது பொதுத்தேர்வு கிடையாது, அதனால் அந்தப் புத்தகத்தை யாரும் தொடவில்லை. பலன் கிடைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், கட்-ஆஃப் 191 எடுத்தான். கிண்டியில் கவுன்சிலிங் நடந்த அன்று பெரிய திரையில் இடங்கள் குறையக் குறைய நான் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். நல்ல கல்லூரியே கிடைத்தது. முதல் செமஸ்டர் கணக்கில் அரியர். இரண்டாவது முறையும் அதே. மூன்றாவது முறை தேறினான். பதினொன்றாம் வகுப்பில் சொல்லித்தர வேண்டிய வகைநுண்கணித அடிப்படையே அவனுக்குத் தெரியாது. வாத்தியார் கரும்பலகையில் எழுதுவது வேறு பாஷை மாதிரி இருக்கும்பா என்றான். முதல் மதிப்பெண் வாங்கியே பழகிய பிள்ளை, ஒரு வருடம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்தத் தில்லுமுல்லுக்காகவே 2018 மார்ச்சிலிருந்து பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025-26இல் அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளின் பாரம் குறைந்தது உண்மை. எனக்குப் பழைய பயம் திரும்ப வந்ததும் உண்மை. நீட்டிலும் ஜே.இ.இ.யிலும் பதினொன்றாம் பாடம் வருவதால் அதை நடத்தித்தான் ஆக வேண்டும் என்பது ஒரு ஆறுதல்.

தனியார் பள்ளியால் பயனே இல்லை என்றும் சொல்ல வரவில்லை. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. என்று குறி வைத்தால் 7.5 சதவீதம் அங்கே செல்லாது. ஜே.இ.இ.க்குச் சின்ன வயதிலிருந்தே கணக்கில் கை ஓட வேண்டும், அந்தப் பழக்கம் நல்ல தனியார் பள்ளியில் கிடைக்கலாம். இங்கிலீஷில் கூச்சம் போகும். சுற்றி இருக்கிற எல்லோரும் ஒரே தேர்வுக்குப் படித்தால் நம் பிள்ளையும் படிக்கும், அது பெரிய விஷயம். ஆனால் பாப்பா டாக்டர் ஆக வேண்டும் என்றுதான் சொல்கிறாள். ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அதையேதானே சொல்கிறாள்?

ஒன்றைக் கவனி. ஒதுக்கீடு பார்ப்பது பள்ளியை மட்டும்தான். வெளியே எந்த நீட் சென்டரில் படித்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. அந்தப் பள்ளிக்கு வருடா வருடம் கட்டப் போகிற பணத்தில் பாதியை எடுத்து வை. பதினொன்றில் ஒரு நல்ல சென்டருக்கு அனுப்பலாம். முதல் தடவை கிடைக்காவிட்டால் ஒரு வருடம் ரிப்பீட்டராக உட்கார வைக்கவும் கையில் காசு இருக்கும். இங்கிலீஷ்தான் கவலை என்றால் அவள் பள்ளியிலேயே ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறதா என்று கேள். அப்புறம், அரசுப் பள்ளியிலேயே படித்து முடித்தால் கல்லூரி போகும்போது அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் பணமும் உண்டு. 2022இல் நம் பாரதி மகளிர் கல்லூரியில்தான் அதைத் தொடங்கி வைத்தார்கள்.

அவள் பள்ளியில் குறை இல்லையா என்றால், இருக்கிறது. கழிப்பறை பற்றி நீ சொன்னது நியாயம். அறிவியல் டீச்சர் பாதி வருடம் இல்லாததும் நியாயம். பெற்றோர் கூட்டத்தில் நீயும் நானும் சேர்ந்தே போய்க் கேட்போம். நான் கொஞ்சம் சத்தமாகப் பேசுவேன், உனக்குத்தான் தெரியுமே.

டி.சி.க்கு எழுதிக் கொடுத்துவிட்டாயா? இன்னும் இல்லையென்றால் திங்கட்கிழமை பள்ளிக்குப் போகாதே. கொடுத்துவிட்டாய் என்றால் இன்றைக்கு ராத்திரியே எனக்குப் போன் பண்ணு, காலையில் உன்னோடு வந்து ஹெட்மாஸ்டரிடம் நானே பேசுகிறேன். வளையல் கையிலேயே இருக்கட்டும்.

அண்ணன்