மூன்று பேட்ச்சுக்கு ஒரே குரோமட்டோகிராம்: ஒரு புகார் கடிதம்

செங்கல்பட்டு,
12.01.2026

பெறுநர்:
நிர்வாக இயக்குநர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப் பிரிவு,
சென்னை.

பொருள்: நவம்பரில் வாங்கிய பிபிசி-157 குப்பிகளும் அவற்றுக்கு நீங்கள் காட்டிய ஆய்வக ரிப்போர்ட்டும் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். நவம்பர் 18 அன்று உங்களிடம் தசைநார் காயம் ஆற உதவும் என்று விற்கப்படும் பெப்டைடான (சிறு புரதத் துண்டு) பிபிசி-157-இன் 5 மில்லிகிராம் ஊசிக் குப்பிகள் மூன்றை ரூ. 8,700 கொடுத்து வாங்கினேன். அவற்றில் இரண்டு இன்னும் திறக்கப்படாமல் என் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் தமிழில் பேசித்தான் எனக்கு விற்றீர்கள். அதனால் இந்தப் புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

நான் ஒரு மருந்து நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 11 வருடமாக வேலை செய்கிறேன். ஒரு கலவையில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவிதான் என் அன்றாட வேலை. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கொளவாய் ஏரிப் பக்கம் தினமும் காலையில் ஓடுபவன் நான். குதிகால் தசைநார் வலி எட்டு மாதமாகத் தீரவில்லை. பிசியோதெரபி, ஓய்வு, மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. பிபிசி-157 அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை, அதைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை எலிகள் மீது நடந்தவை, அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2023-ல் அதைப் பாதுகாப்புக் கவலை உள்ளவற்றின் பட்டியலில் வைத்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் வாங்கினேன். அந்தப் பொறுப்பை உங்கள் மேல் போடவில்லை. ஆனால் பல விற்பனையாளர்களில் உங்களை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், "ஒவ்வொரு பேட்ச்சும் சுதந்திரமான லேபில் சோதிக்கப்பட்டது" என்று நீங்கள் எழுதியிருந்ததும், கூடவே போட்டிருந்த ரிப்போர்ட்டும்தான். தூய்மை 99.3 சதவீதம், மூலக்கூறு எடை 1419.5, குரோமட்டோகிராமில், அதாவது எச்பிஎல்சி வரைந்து தரும் வரைபடத்தில், அழகான ஒற்றை பீக் (முகடு). நான் தினமும் பார்க்கிற மாதிரியான தாள். பார்த்ததும் நம்பிவிட்டேன்.

இரண்டாவது ஊசி போட்ட அன்று, சுமார் இரண்டு மணி நேரத்தில் உடம்பு தூக்கிப் போட ஆரம்பித்தது. இரண்டு போர்வை போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. காய்ச்சல் 103 டிகிரி. என் மனைவிதான் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். டாக்டர் குப்பியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேட்ச் நம்பர் எங்கே? யார் தயாரித்தது?" என்று கேட்டார். குப்பியின் லேபிளில் பொருளின் பெயரும், 5 மி.கி. என்பதும், "ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்பதும் தவிர ஒன்றுமே இல்லை. செல்போனில் உங்கள் ரிப்போர்ட்டைக் காட்டினேன். "இது இந்தக் குப்பியோடதா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

காய்ச்சல் மறுநாள் மாலை இறங்கிவிட்டது. அது உங்கள் குப்பியால்தான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது, அப்படிச் சொல்லவும் இல்லை. ஆனால் அதுவாக இருக்கவே முடியாது என்று உங்களாலும் சொல்ல முடியாது. ஏனென்றால் அதற்கான சோதனையையே நீங்கள் செய்யவில்லை.

99.3 என்ற அந்த எண் என்ன சொல்கிறது என்பதை உங்கள் வாடிக்கையாளர்களுக்கு நீங்கள் ஒருமுறைகூட விளக்கியதில்லை. இந்த மாதிரிச் சோதனையில் வழக்கமாகப் பயன்படும் எச்பிஎல்சி டிடெக்டர் புற ஊதா ஒளியை உறிஞ்சும் பொருள்களை மட்டுமே பார்க்கும். அது பார்த்தவற்றில் 99.3 சதவீதம் ஒரே பீக்கில் இருக்கிறது, அவ்வளவுதான் அதன் பொருள். குப்பியில் எத்தனை மில்லிகிராம் பெப்டைடு இருக்கிறது, உப்பும் ஈரமும் எவ்வளவு, குப்பியில் கட்டியாகத் தெரிவதற்காகச் சேர்த்த மேனிட்டால் என்ற சர்க்கரை வகைப் பொருள் எவ்வளவு என்பதை அந்த எண் சொல்லாது. எண்டோடாக்சினையும் சொல்லாது. அது சில வகை பாக்டீரியாக்களின் வெளிச்சவ்விலிருந்து வரும் நச்சு. பாக்டீரியா செத்த பிறகும் மிஞ்சி நிற்கும், ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கருவி) வைத்தாலும் போகாது. கண்ணாடிக் குப்பியிலிருந்து அதை நீக்க 250 டிகிரி உலர்வெப்பத்தில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். ஊசி மருந்தில் அது கொஞ்சம் இருந்தாலே குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் வரும். அதற்கென்று தனியாக எல்.ஏ.எல். சோதனை உண்டு. கிருமியில்லாத தன்மைக்கான சோதனையோ 14 நாள் அடைகாத்துப் பார்ப்பது. இந்த இரண்டும் உங்கள் ரிப்போர்ட்டில் இல்லை. ஊசி வழியாக உடம்புக்குள் போகும் ஒன்றுக்கு 'லேப் டெஸ்டட்' என்று போட்டுவிட்டு இந்த இரண்டையும் விட்டிருக்கிறீர்கள்.

சரி, இதுவரை சொன்னது கவனக்குறைவு என்றுகூட வைத்துக்கொள்ளலாம். அடுத்ததை அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை.

உடம்பு தேறிய பிறகு உங்கள் ஜூலை, செப்டம்பர், நவம்பர் ரிப்போர்ட்டுகள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் பேட்ச் எண் வேறு, தேதி வேறு. ஆனால் முதன்மை பீக் வரும் நேரம் மூன்றிலும் 11.486 நிமிடம். பீக்கின் பரப்பளவு மூன்றிலும் 2847193. ஏழு இலக்கமும் ஒன்றே. ஒரே கரைசலை, ஒரே கருவியில், அடுத்தடுத்து ஐந்து முறை செலுத்தினாலும் பரப்பளவு கொஞ்சமாவது மாறும். அந்த மாற்றம் இவ்வளவுக்குள் இருந்தால் போதும் என்றுதான் எங்கள் துறையில் வரம்பே வைத்திருக்கிறோம். மூன்று வெவ்வேறு பேட்ச், நான்கு மாத இடைவெளி, கடைசி இலக்கம் வரை ஒரே எண் என்றால் அது படத்தை எடுத்து ஒட்டியது.

அந்த லேபுக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டேன். ஜூலை ரிப்போர்ட் தங்களுடையதுதான் என்றும், அது நீங்களே அனுப்பிய ஒரே ஒரு குப்பிக்குத் தந்தது என்றும், மற்ற இரண்டு எண்களும் தங்கள் பதிவேட்டில் இல்லை என்றும் பதில் வந்தது. லேபின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. "முடிவுகள் சோதிக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்" என்று ஜூலை ரிப்போர்ட்டின் அடியில் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் போட்ட படத்தில் அந்த வரி இல்லை.

2025 அக்டோபர் தொடக்கத்தில் எங்கள் பக்கத்து மாவட்டமான காஞ்சிபுரத்தில் தயாரான இருமல் மருந்து விவகாரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மத்தியப் பிரதேசத்தில் அதைக் குடித்த 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். எங்கள் வீட்டிலும் ஆறு வயதுக் குழந்தை இருக்கிறாள், அந்த வாரம் முழுக்க நாங்கள் சரியாகத் தூங்கவில்லை. 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாத டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு அதில் 48.6 சதவீதம் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க முடிந்தது எப்படி? அந்த மாதிரியை எடுத்துச் சோதித்தது விற்றவர்கள் இல்லை, தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. அப்புறம், பாட்டிலில் எஸ்.ஆர்.-13 என்று ஒரு பேட்ச் எண் இருந்தது. அதை வைத்துத்தான் மற்ற பாட்டில்களைத் தேடிப் பிடித்தார்கள். உரிமம் பெற்று, அரசு மேற்பார்வையில் இருந்த ஒரு தொழிற்சாலையிலேயே அப்படி நடந்தது. உங்கள் குப்பியில் அந்த எண்கூட இல்லை. நாளைக்கு யாருக்காவது ஒன்று ஆனால் எந்தக் குப்பியைத் திரும்பப் பெறுவீர்கள்?

உங்கள் வாட்ஸ்அப் ஊழியரிடம் இதையெல்லாம் இரண்டு முறை சொன்னேன். முதல் முறை "எங்க ரிப்போர்ட் எல்லாமே ஒரிஜினல் சார்" என்றார். இரண்டாம் முறை என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள்.

எனக்கு வேண்டியது இது. நான் கொடுத்த ரூ. 8,700-ஐத் திருப்பித் தர வேண்டும். செப்டம்பர், நவம்பர் ரிப்போர்ட்டுகளை உடனே நீக்கி, அந்த மாதங்களில் வாங்கிய ஒவ்வொருவருக்கும் அவர்கள் குப்பி சோதிக்கப்படவே இல்லை என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பணத்தைவிட எனக்கு இதுதான் முக்கியம். என்னைப் போலவே அந்தத் தாளைப் பார்த்து நம்பி, இன்று இரவு ஊசியை எடுப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு எச்பிஎல்சி தெரிந்திருக்க வேண்டியதில்லை. குப்பியில் பேட்ச் எண்ணும், எண்டோடாக்சின் சோதனையும், நீங்களே தேர்ந்தெடுத்து அனுப்பாத மாதிரியில் செய்த சோதனையும் இல்லாதவரை 'சுதந்திரமான லேப்' என்ற சொல்லை விளம்பரத்தில் பயன்படுத்தாதீர்கள்.

இந்தக் கடிதத்துடன் மூன்று ரிப்போர்ட்டுகளின் நகல், லேபின் பதில், மருத்துவமனைச் சீட்டு, பணம் செலுத்திய ரசீது ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிலும் இதே தாள்களைக் கொடுப்பேன். திறக்காத இரண்டு குப்பிகளையும் அவர்களுக்காகவே பத்திரமாக வைத்திருக்கிறேன்; உங்களுக்குத் திருப்பி அனுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் நவம்பர் மாத வாடிக்கையாளர்