தேக்குக்குக் கீழ மஞ்சள் செய்ய எழுத்துல அனுமதி வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு, தேக்கந்தோட்டத்துக்குள்ள ஊர்ச்சனத்த ஊடுபயிர் செய்ய விடலாமா எண்டு போன கிழமை நீங்க போட்ட செய்தியப் பார்த்தன். விடத்தான் வேணும். தேக்கு நல்ல விலைக்குப் போக 30 வருஷமாவது எடுக்கும், அதுவரைக்கும் பக்கத்துல இருக்கிற குடும்பத்துக்கு அதால ஒரு சதமும் இல்ல, அப்ப ஆர் அதக் காவல் காக்கிறது? முதல் ரெண்டு மூணு வருஷம் கச்சான், சோளம் போடலாம், நிழல் மூடினாப் பிறகு அது சரிவராது, ஆனா மஞ்சளும் இஞ்சியும் அரை நிழல்லயும் வரும். இறக்குமதிய நிப்பாட்டின நேரம், 2020ல மஞ்சள் விலை ஏறின ஏத்தம் எல்லாருக்கும் தெரியும்தானே.

மண் கரைஞ்சு போயிரும் எண்டு பயப்பிடுற ஆக்களுக்கு ஒண்டு சொல்றன். தேக்கிலை பெருசு, மழைத்தண்ணி அதுல சேந்து பெரிய துளியா விழுந்து வெறுந்தரைய அடிச்சுக் கிளறும். உன்னிச்சைப் பக்கம் எங்கட காணியில சருக எரிச்ச இடத்துல மார்கழி மழைக்குப் பிறகு வேரெல்லாம் வெளியால தெரிஞ்சிது, அதே சரிவுல மஞ்சள் நட்டுச் சருகால மூடின பாத்தியில மண் அப்பிடியே கிடந்தது. கழுவுப்படுற மண் கடைசியில குளத்துக்குள்ளதான் போய்ச் சேருது. கிழங்கு கிண்டுற நேரந்தான் கவனம், அப்ப மண் இளகிப் போயிரும். ஆனபடியா வன இலாகா, சருக எரிக்கக் கூடாது, பாத்தி சரிவுக்குக் குறுக்கால மட்டும், மாரிக்குள்ள கிண்டக் கூடாது எண்ட நிபந்தனையோட பக்கத்துக் குடும்பங்களுக்கு எழுத்துல குத்தகை குடுக்கட்டும்.

படுவான்கரை வாசகர்
மட்டக்களப்பு