கிறிஸ்துமஸ் சந்தை கிறிஸ்துமஸுக்கு முன்பே முடிந்துவிடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பிய நகரங்களின் கிறிஸ்துமஸ் சந்தைகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்களும் நடையும் நன்றாகவே இருந்தன. ஆனால், கிறிஸ்துமஸ் விடுமுறையில் குடும்பத்தோடு சென்று வரலாம் என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை நம்பிப் பயணச்சீட்டு எடுப்பவர்கள் நான் பட்ட ஏமாற்றத்தையே படுவார்கள் என்பதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பயண முகவர் வகுத்துக் கொடுத்த திட்டப்படி, டிசம்பர் 25 அன்று காலையில் நானும் என் மனைவியும் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஃப்ராவன்கிர்ஹே தேவாலயத்துக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் மரக்கடைகள் பூட்டிக் கிடந்தன. படங்களில் பார்த்திருந்த சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிக்கூரைகளுக்குக் கீழே ஒரு விளக்குகூட எரியவில்லை. அன்றும் மறுநாளும் ஜெர்மனியில் அரசு விடுமுறை என்பதால் ஊரில் மற்றக் கடைகளும் திறக்கவில்லை. ரயில் நிலையத்துக்குள் இருந்த ரொட்டிக்கடைதான் அந்த இரண்டு நாளும் எங்களுக்குச் சோறு போட்டது.

நியூரம்பெர்க் சந்தை, திருவருகைக் காலத்தின் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட காலம்) முதல் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை தொடங்கி டிசம்பர் 24 அன்று முடிந்துவிடுகிறது. அதே நாட்டின் டிரெஸ்டன் சந்தைக்கும் 24 தான் கடைசி நாள். கொலோன் பேராலயத்தின் அடியில் நடக்கும் சந்தையை 23-ஆம் தேதியோடே ஏறக்கட்டிவிடுகிறார்கள். இதற்கான காரணம் சந்தைகளின் வரலாற்றிலேயே இருக்கிறது. டிரெஸ்டன் நகரில் 1434-இல் தொடங்கியது, நோன்பு முடிந்து திருநாளுக்கு இறைச்சி வாங்குவதற்காக, கிறிஸ்துமஸுக்கு முன்னால் நடக்க அனுமதிக்கப்பட்ட ஒருநாள் சந்தை. பிற்காலத்தில் அங்கே விற்ற 'ஸ்ட்ரீட்ஸெல்' என்ற பண்டிகை ரொட்டியின் பெயரே சந்தைக்கும் ஒட்டிக்கொண்டது. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் சந்தை 1570-இலிருந்து நடக்கிறது. நியூரம்பெர்க் சந்தைக்கு மிகப் பழைய சான்று, அந்நகரின் ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு சின்ன மரப்பெட்டி. ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் சந்தைப் பரிசாக அனுப்பிய அந்தப் பெட்டியில் 1628 என்று ஆண்டு குறித்திருக்கிறது. ஆக, இவை பண்டிகைச் சாமான் வாங்குவதற்காக ஏற்பட்ட சந்தைகள்; பண்டிகை வந்துவிட்டால் சந்தைக்கு அங்கே வேலை இல்லை. (விதிவிலக்குகள் உண்டு. ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் நகர மன்றத்தின் முன் நடக்கும் சந்தை டிசம்பர் 26 வரையிலும், செக் தலைநகர் பிராக்கின் பழைய நகரச் சதுக்கத்துச் சந்தை ஜனவரி 6 வரையிலும் வழக்கமாக நீடிக்கின்றன. 25-க்குப் பிறகுதான் விடுப்புக் கிடைக்கும் என்பவர்கள் பிராக் சந்தையை நம்பிப் போகலாம்.)

விட்டேனா பார் என்று மறுமுறை டிசம்பர் இரண்டாவது வாரத்தில், அதுவும் வார நாட்களில், டிரெஸ்டனுக்கும் நியூரம்பெர்க்குக்கும் மட்டும் போனோம். எட்டு நாளில் ஆறு நகரம் என்று விளம்பரம் செய்கிறார்களே, அப்படிப் போனால் பேருந்தின் ஜன்னலைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும் என்பது என் கருத்து. மாலை நான்கரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. விளக்கு ஏற்றிய பிறகுதான் சந்தைக்கு உயிர் வருகிறது. டிரெஸ்டனில் பதினான்கு மீட்டருக்கும் மேல் உயரமான, அடுக்கடுக்காகப் பொம்மைகள் சுழலும் மரக்கோபுரம் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். அதற்குப் பக்கத்துக் கடையில் அதே கோபுரத்தின் கையகல வடிவத்தை ஒரு பெரியவர் எங்களுக்காக இயக்கிக் காட்டினார். நான்கு மெழுகுவத்திகளை ஏற்றியதும், மேலெழும் வெப்பக் காற்று உச்சியிலிருந்த மரத் தகடுகளில் பட்டு, முதலில் தயங்கித் தயங்கி, பிறகு ஒரே சீராக, சுரங்கத் தொழிலாளர் பொம்மைகள் ஊர்வலம் போகத் தொடங்கின. டிரெஸ்டன் அமைந்துள்ள சாக்ஸனி மாநிலத்தின் எர்ட்ஸ்கெபிர்கே மலைப்பகுதியில் சுரங்க வருமானம் குறைந்தபோது மரம் செதுக்கப் பழகிக்கொண்ட குடும்பங்களின் கைவேலை இது. நியூரம்பெர்க்கிலோ உலர்ந்த பிளம்ஸ் பழங்களைக் கம்பியில் கோத்து உடலாக்கி, வால்நட் கொட்டையில் முகம் வரைந்து தலையாக்கிய பொம்மைகள் கடைதோறும் நிற்கின்றன. அவற்றில் கிழவனும் கிழவியுமாக ஒரு ஜோடியை வாங்கி வந்தோம்.

கட்டுரையாளர் சொல்லாமல் விட்ட இன்னொரு செய்தி குவளைக்கான முன்பணம். பட்டையும் கிராம்பும் ஆரஞ்சும் இட்டுச் சூடாக்கிய சிவப்பு ஒயினான 'க்ளூவைன்' ஆனாலும், மது அருந்தாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் உரிய 'கிண்டர்புன்ஷ்' என்ற பழச்சாறு ஆனாலும், பீங்கான் குவளையில்தான் ஊற்றித் தருகிறார்கள். பானத்தின் விலையோடு குவளைக்கும் சில யூரோக்களைச் சேர்த்து வாங்கிக்கொண்டு, திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தந்துவிடுகிறார்கள். இது தெரியாமல் விலையில் ஏமாற்றுகிறார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களில் நானும் ஒருவன். ரொக்கம் மட்டுமே வாங்கும் கடைகளும் இருப்பதால் கையில் சில்லறை வேண்டும்.

பெர்லினில் 2016-லும் மாக்டெபுர்க்கில் 2024-லும் சந்தைக் கூட்டத்துக்குள் வாகனத்தை ஏற்றி நடத்தப்பட்ட தாக்குதல்களுக்குப் பிறகு, நுழைவழிகளில் கான்கிரீட் தடுப்புகளும் காவலர்களும் வழக்கமாகிவிட்டார்கள். பெரிய பையைச் சுமந்து போகாமல் இருந்தால் நமக்கும் வசதி, அவர்களுக்கும் வசதி.

ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளிலிருந்து ஆறு மாதம் முன்பாகவே விண்ணப்பிக்கலாம். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. டிசம்பர் பயணத்துக்கு ஜூன், ஜூலையிலேயே தேதியை முடிவு செய்பவர்கள்தான் அதிகம் என்பதால், இத்தகைய கட்டுரையைத் தாங்கள் அடுத்த முறை அந்த மாதங்களில் வெளியிட்டு, ஒவ்வொரு நகரத்தின் பெயருக்கு அருகிலும் சந்தை தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்